ஒன்பதாவது கொக்கி

ஒரு வீட்டு வேலையை முடித்துக் கொடுத்த பிறகும் தங்கமணி அந்த வீட்டை விட்டுவிடுவதில்லை. ஒரு மழைக்காலம் கழிந்ததும் கட்டாயம் ஒருமுறை போய்ப் பார்ப்பாள். ஓசூரில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் சுவருக்குள் இறங்கிவிடும். பலகை உப்பும். பிறகு வெயில் ஏறினால் சுருங்கும். உப்பிச் சுருங்கிய பிறகு எப்படி நிற்கிறதோ அதுதான் அந்தப் பலகையின் நிஜமான அளவு என்பது அவள் எண்ணம். போகும்போது நான்கு படமும் எடுத்துக்கொள்வாள். ஆள் குடியில்லாத புது வீட்டுப் படத்தைவிட, சோபாவில் துணி கிடக்கும் வீட்டுப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் கூப்பிடுகிறார் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தாள்.

கமலக்கண்ணன் வீட்டுக்கும் அப்படித்தான் போனாள். மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி.

தங்கமணி பாகலூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பா இருந்தவரை அவருக்கு இரண்டு ஏக்கர் முட்டைக்கோசு. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, இயந்திர அச்சுகள் செய்யும் ஒரு டூல் ரூமில் பதின்மூன்று வருடம் கம்ப்யூட்டரில் படம் வரைந்தாள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுகிற வேலை. கொரோனா வருடத்தில் அந்த டூல் ரூமை மூடினார்கள். அப்போது தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டு ஹாலுக்குப் படம் வரைந்து தரச் சொன்னார். வரைந்தாள். பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. பெரிய கற்பனைக்காரி என்று அவளைச் சொல்லிவிட முடியாது. பிழை பொறுக்காதவள் என்று சொல்லலாம். அந்த ஊரில் அது போதுமானதாக இருந்தது.

கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். இரண்டு நாள் கூர்க் பக்கம் போய்த் தங்கிவிட்டு வந்திருப்பார்கள். அங்கே கூரையில் உத்தரம் ஓடியிருக்கும், சுவரெல்லாம் பலகையாக இருக்கும். அதேபோல் தங்கள் ஹாலும் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக் கூரை கான்கிரீட். கான்கிரீட்டுக்குத் தாங்க உத்தரம் வேண்டாம். எனவே அந்த உத்தரத்துக்கு வேலை எதுவும் கிடையாது, தோற்றம் மட்டும்தான். தங்கமணியும், பாகலூரைச் சேர்ந்த தச்சர் நாராயணப்பனும் சேர்ந்து அதைச் செய்தார்கள். அரை அங்குல பிளைவுட்டில் மூன்று பக்கம் அடைத்து ஒரு நீளப் பெட்டி. அதன் மேல் காகிதக் கனத்தில் தேக்குத் தோல். பெட்டியின் திறந்த பக்கத்தைக் கான்கிரீட்டில் பொருத்திவிட்டால், அரையடி அகலத்தில் அசல் தேக்கு உத்தரம் தலைக்கு மேல் ஓடுகிற மாதிரி இருக்கும். பட்டறையில் அதற்குப் பெயர் டம்மி.

சுவர்ப் பலகைக்கு வேறு வழி கண்டிருந்தாள். சிப்காட் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வருகிற பைன் மரப் பெட்டிகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி, பிரித்து, இழைத்து அடிப்பாள். பெட்டியின் மேல் கறுப்பு மையில் குத்தியிருக்கும் அம்புக்குறி, குடைப் படம், கண்ணாடிக் கிண்ணப் படம் எல்லாவற்றையும் இழைத்து எடுத்துவிடாமல் அங்கங்கே அப்படியே விடுவாள். வீட்டுக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது.

இன்னொன்றும் செய்தாள். டம்மி உத்தரம் பார்க்க நன்றாக இருந்தாலும் ஏதோ பொம்மை மாதிரி இருந்தது. பழைய உத்தரங்களில் இரும்புப் பட்டை சுற்றி போல்ட் அடித்திருப்பார்கள் அல்லவா, அதுபோல் தகரப் பட்டையை வெட்டிக் கறுப்படித்து உத்தரத்தைச் சுற்றி ஒட்டினாள். கம்பெனியில் கழித்துப்போட்ட போல்ட்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கி, தலையை மட்டும் அறுத்து, பட்டையின் இரு பக்கமும் பசை வைத்துப் பதித்தாள். பட்டைக்கு அடியில் ஒரு கறுப்பு இரும்புக் கொக்கி. அதில் ஒரு லாந்தர் விளக்கு தொங்கும். விளக்கின் எடை ஒன்றே கால் கிலோ. புதிதாக எதைச் செய்தாலும் முதலில் தன் வீட்டு ஹாலில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொண்டுபோவாள். கொக்கியையும் பட்டையையும் பார்த்த பிறகு அவள் கணவன் பூபதி, இப்போதுதான் இது உத்தரம் மாதிரி இருக்கிறது என்றான். அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

கதவைத் திறந்த ரஞ்சிதா உதட்டில் விரலை வைத்தாள். கமலக்கண்ணனின் மனைவி அவள். இருவருக்கும் துறையூர்ப் பக்கம் சொந்த ஊர். வேலை நடந்த நாட்களில் அவள் வயிற்றுப் பிள்ளைக்காரி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தங்கமணி செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஹாலுக்குள் நடந்து, பழக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மூன்று உத்தரங்களில் நடு உத்தரத்துக்கு மட்டும்தான் கொக்கி. அதில் லாந்தர் விளக்கு இல்லை. மஞ்சளில் பச்சைக் கரை போட்ட நூல் புடவை ஒன்று தொங்கியது. கொக்கிக்கும் புடவைக்கும் நடுவில் ஒரு தொட்டில் ஸ்பிரிங். புடவையின் அடியில் ஒரு சின்னக் குதிகால் உந்திக்கொண்டு தெரிந்தது. தூளி மேலும் கீழும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் காது அடைத்தது. எதிர்ச் சுவரில் பலகையின் மேல் இருந்த கண்ணாடிக் கிண்ணப் படம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் தள்ளிப்போன மாதிரி இருந்தது. ரஞ்சிதா பக்கத்தில் நின்று ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, கட்டிலில் போட்டால் தூங்க மாட்டேன் என்கிறான், இதில் போட்டால் இரண்டு மணி நேரம், அக்கா கையால் செய்தது ராசியான உத்தரம் என்று. பன்னிரண்டு நாள் என்பது மட்டும் தங்கமணிக்குக் கேட்டது. அந்தக் கொக்கியைப் பிடித்திருப்பவை நான்கு திருகுகள். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம். அதிலும் அரை அங்குலம்தான் பிளைவுட்டுக்குள் இருக்கும். மிச்சம் வெற்றிடத்தில் நிற்கும். அவற்றைக் கடையில் எண்ணி வாங்கியவள் அவள்.

தூளிக்கு அருகில் போய் அதன் அடியில் இரண்டு கையையும் ஏந்தினாள். தொடவில்லை. தொட்டால் பாரம் கூடுமோ என்று இருந்தது.

"ரஞ்சிதா, பையனத் தூக்கும்மா."

"இப்பத்தாங்க்கா கண்ணசந்தான்."

"தூக்கு. அப்பறம் சொல்றேன்."

ரஞ்சிதாவின் முகம் சுருங்கியது. படம் எடுப்பதற்குத் தூளி இடைஞ்சல் என்று நினைத்துவிட்டாள். போட்டோதானே, அவன் எழுந்த பிறகு வாங்களேன் என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னாள். தங்கமணி ஏந்திய கையை எடுக்கவில்லை.

"அது மரமில்லம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் பொட்டி."

ரஞ்சிதா ஒரு கணம் உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு வாரி எடுத்தாள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. பாரம் போனதும் ஸ்பிரிங் எகிறி, வெறும் தூளி மேலும் கீழும் ஆடியது. பிள்ளையைத் தோளில் போட்டபடியே ரஞ்சிதா மற்றக் கையை நீட்டி அதைப் பிடித்து நிறுத்தினாள். பிள்ளை இல்லாத தூளி ஆடக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது. அந்த நேரத்திலும் அவள் கைக்கு அது மறக்கவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள் தங்கமணி. கொக்கியின் தட்டு ஒரு பக்கம் உத்தரத்தை விட்டு நகக்கனம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்துத் திருகில் இரண்டு புரி புதிதாக மின்னியது. தேக்குத் தோல் கொப்புளம் போல் கீழே புடைத்திருந்தது. இன்றைக்கா, நாளைக்கா, இன்னும் ஒரு மாதமா என்று சொல்ல வழியில்லை. இறங்கத் தொடங்கிவிட்டது என்று மட்டும் சொல்லலாம்.

கமலக்கண்ணனுக்குப் போன் போனது. ஒரு வார்ப்படக் கம்பெனியில் கிரேன் பராமரிப்பு அவன் வேலை. வர அரை மணி ஆகும் என்றான். அந்த அரை மணி நேரம் தங்கமணி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். போய்விட்டுப் பிறகு வரலாம் என்று தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது. அவனுக்குக் கொடுத்த வரைபடத்தில் நான்காவது தாளில் உத்தரத்தின் குறுக்குவெட்டு இருக்கிறது. அது வெற்றிடம் என்பதை எந்தத் தொழிற்சாலைக்காரனும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். அந்தத் தாளின் கீழே அவன் கையெழுத்து இருக்கிறது. குழந்தையின் அழுகை இன்னும் அடங்கவில்லை. அதற்குள் தன் மனம் நான்காவது தாளைத் தேடிப் போய்விட்டதை அவள் கவனித்தாள். தூளியைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சிக்கு இது குறைந்ததில்லை.

கமலக்கண்ணன் சீருடையோடு வந்தான். கத்தவில்லை. முதலில் பிள்ளையை வாங்கி, விழுந்து எழுந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான். பிறகு மனைவியிடம் கொடுத்துவிட்டு, டி.வி. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினான்.

"கணக்குப் போட்டுத்தான் மேடம் கட்டுனேன்."

அவன் சொன்னது உண்மை. அரையடி அகலம், முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், பதினான்கடி நீளம், தேக்கு. நடுவில் தொங்கவிட்டால் ஆயிரம் கிலோவுக்குக் குறையாமல் தாங்கும். கம்பெனியில் செய்வதுபோல் பாதுகாப்புக்காக ஐந்தால் வகுத்து இருநூறு. பிள்ளை, ஸ்பிரிங், புடவை எல்லாம் சேர்த்து எட்டு கிலோ. தங்கமணி பழக்கத்தில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. இல்லாத ஒரு மரத்துக்குப் போட்ட சரியான கணக்கு.

பட்டையையும் பார்த்திருக்கிறான். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. இழுவைக்குத் தாங்கும் உயர்ந்த தரத்துக்கு அந்த எண்ணைப் போடுவார்கள். வேறெதைச் சந்தேகப்பட்டாலும் அந்த எண்ணைச் சந்தேகப்பட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அவன் அண்ணாந்து பார்த்தான். தங்கமணி மறுபடி ஸ்டூலில் ஏறி, ஒரு போல்ட் தலைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். சட்டைப் பொத்தான் மாதிரி அது கையோடு வந்தது. அவனிடம் கொடுத்தாள். 8.8 இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினான். பின்பக்கம் ரம்பம் அறுத்த மொட்டை முகம், அதில் காய்ந்த பசை. எதையும்விட அதைத்தான் அவன் அதிக நேரம் பார்த்தான்.

பிறகு அவனே ஏறிக் கொக்கியைக் கழற்றினான். ஒரு திருகுக்கு ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை. விரலிலேயே வந்துவிட்டது. கொக்கி வந்த இடத்தில் புடைத்திருந்த தோலைக் கிழித்து, பிளைவுட்டைக் கொஞ்சம் உடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்தவன் இறங்கி வந்து டார்ச்சைத் தங்கமணியிடம் கொடுத்து, பாருங்கள் என்றான்.

பெட்டிக்குள், அரையடிக்கு மேலே, கான்கிரீட்டிலிருந்து விரல் கனக் கம்பி ஒன்று வளைந்து நின்றது. சிமெண்ட் கறை படிந்த அசல் கொக்கி. தளம் போட்ட அன்று கமலக்கண்ணன் லீவு போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று, உள்கம்பியோடு கட்டச் சொன்ன கொக்கி அது. என்றைக்காவது ஒரு தூளி கட்ட வேண்டியிருக்கும் என்று. தங்கமணியின் உத்தரம் அதை மூடிக்கொண்டு போயிருந்தது. அளவெடுத்தபோது ஒரு கம்பி இடிக்கிறது என்று நாராயணப்பன் சொன்னதும், பெட்டிக்குள் போய்விடும், விடுங்கண்ணா என்று அவள் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது.

"அதே எடத்துல ஒரு கொக்கி தொங்குதா. என்னோட கொக்கியத்தான் நீங்க மரத்தத் தொளச்சு கீழ எறக்கிக் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன்." அவன் ரஞ்சிதாவின் பக்கம் கையைக் காட்டினான். "சொல்லாமயே செஞ்சிருக்காங்க, நல்ல வேலைக்காரங்கன்னு இவகிட்ட சொன்னேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நான்காவது தாளைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு பொருள் எதைப்போல் இருக்கிறதோ, அதற்குரிய வேலையை யாராவது ஒருவர் அதனிடம் கேட்டே தீருவார். கேட்கிறவர் மேல் தவறில்லை. அவளுக்கு இது அன்று இப்படி வாக்கியமாகத் தோன்றவில்லை. மொட்டை போல்ட்டு ஒன்று உள்ளங்கையில் கனப்பதாக மட்டும் தோன்றியது.

கமலக்கண்ணன் கேட்டான், இன்னும் எத்தனை வீட்டில் இந்தக் கொக்கி இருக்கிறது என்று. தங்கமணி மனதுக்குள் வீடுகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். இதைச் சேர்த்து எட்டு. கம்பெனியில் ஒரு கிரேன் கொக்கியில் கீறல் கண்டால், மற்றப் பகுதியில் இருக்கும் கொக்கிகளையெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் காரணம் பேசவே உட்காருவோம் என்றான். வண்டிப் பெட்டியிலிருந்து சிவப்பு அட்டைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். நூல் கோத்த அட்டைகள். 'உபயோகிக்கக் கூடாது' என்று தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்திருந்தது. கழற்றும்வரை ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கட்டச் சொன்னான். அவள் வாங்கிக்கொண்டாள். தான் வாங்கிக்கொண்டது அட்டையை மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஏழு வீட்டுக்குப் போய், உங்கள் தலைக்கு மேல் இருப்பது வெறும் பெட்டி என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஓசூரில் இந்த வேலையே ஒருவர் சொல்லி ஒருவர் வருவது. சொன்னபின் எவர் வருவார்?

வழியிலேயே ஏழு பேருக்கும் போன் செய்து, தான் வரும்வரை கொக்கியில் புதிதாக எதையும் மாட்ட வேண்டாம், அதற்கு அடியில் யாரும் இருக்க வேண்டாம் என்று சொன்னாள். மறுநாள் காலை நாராயணப்பனின் லோடு ஆட்டோவில் கிளம்பினார்கள். அவருக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தங்கமணியிடம் மட்டும் தமிழ். மூன்றிலும் குறைவாகப் பேசுகிறவர். நேற்று நடந்ததைக் கேட்டதிலிருந்து அதையும் குறைத்திருந்தார்.

முதல் இரண்டு வீட்டிலும் விளக்குதான் தொங்கியது. ஆனால் அங்கே அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. கொக்கி ஆபத்து என்று சொன்னபோது வீட்டுக்காரர்கள் நிதானமாகத்தான் கேட்டார்கள். அப்படியானால் உத்தரம் தேக்கு இல்லையா என்ற இடத்தில்தான் அவர்கள் முகம் விழுந்தது. கொக்கி பாரம் தாங்காது என்பதைவிட, உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் அவர்களை அடித்தது. மூன்றாவது வீட்டில் கணவர் அவளைப் போர்ட்டிகோவுக்கு அழைத்துக்கொண்டு போய், கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே வெற்றிடம் என்று என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மாமனார் வீட்டார் எல்லாரையும் கூட்டிவந்து காட்டியாகிவிட்டதாம். தங்கமணி சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவர் வாசல்வரை வரவில்லை.

தொரப்பள்ளி போகும் சாலையில் இருந்த வீட்டில் கொக்கியில் ஒரு மண்தொட்டிச் செடி. நீர் ஊற்றிய பின் தூக்கிப் பார்த்தால் எட்டு ஒன்பது கிலோ இருக்கும். அதன் நேர்கீழே படிக்கிற மேசை. நாராயணப்பன் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

பாகலூர் சாந்தம்மா வீட்டில்தான் சிரிக்க நேர்ந்தது. ரோஜாத் தோட்டக்காரி. மகன் கம்பெனி வேலைக்காரன், அவன்தான் உத்தரம் கேட்டுச் செய்துகொண்டவன். தங்கமணி தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை சாந்தம்மா பூவைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"பொட்டின்னு மொத நாளே தெரியும்மா. தேங்காயவே தட்டிப் பாத்துத்தானே வாங்கறோம், வூட்ட தட்டிப் பாக்க மாட்டமா? தொடப்பக் கட்டையால ஒரு தட்டு. டொக்குன்னுது."

"ஏங்க்கா, அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதானே செஞ்சவ. ஒனக்குத் தெரியாதுன்னு நான் எப்பிடி நெனைக்கறது? எம்மவங்கிட்டத்தான் சொல்லல. அவன் அத தேக்குன்னு நெனச்சு நிம்மதியா தூங்கறான், தூங்கட்டும்."

நாராயணப்பன் தெலுங்கில் ஏதோ சொல்ல, சாந்தம்மா இன்னும் பெரிதாகச் சிரித்தாள். என்னவென்று தங்கமணி கேட்கவில்லை. தான் செய்ததைத் தட்டிப் பார்த்தது எட்டு வீட்டில் ஒருத்திதான் என்பது அவளுக்குச் சிரித்து முடிந்த பிறகு உறைத்தது.

வியாழக்கிழமை கடைசி வீடு, சானமாவுப் பக்கம். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததும், நீங்கள் வரக் காரணம் எங்களுக்குத் தெரியும், தப்பு எங்களுடையது என்றாள். தங்கமணிக்குப் புரியவில்லை. நடந்தது இதுதான். கல்லூரியில் படிக்கும் மகன் அந்தக் கொக்கியில் குத்துச்சண்டைப் பயிற்சி மூட்டையை மாட்டியிருக்கிறான். பொங்கலுக்கு முந்தின வாரம் அது பெயர்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை, விழுந்தது சோபாவில். நல்ல வேலைப்பாட்டைக் கெடுத்துவிட்டோமே, அந்தம்மா கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சப்பட்டு, நீளமான திருகு வாங்கி அவர்களே திருப்பி மாட்டிவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

தங்கமணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரஞ்சிதாவின் பிள்ளை அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே ஒரு கொக்கி விழுந்திருக்கிறது. விழுந்த செய்தி அவளிடம் வராமல் நின்றதற்குக் காரணம் அவள் மேல் அவர்கள் வைத்திருந்த மரியாதை. கோபக்காரர்களாக இருந்திருந்தால் அன்றைக்கே போனில் கத்தியிருப்பார்கள். மற்ற ஏழும் அன்றைக்கே இறங்கியிருக்கும். வீட்டுக்காரம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாளா என்றுகூடப் பிறகு அவளுக்கு நினைவில்லை.

திரும்பும் வழியில் நாராயணப்பன் ஆட்டோவை ஓரம்கட்டி நிறுத்தினார். பின்னால் போய் கோணிப்பையில் கிடந்த கொக்கிகளை, கமலக்கண்ணன் வீட்டுக் கொக்கியையும் சேர்த்து, எடுத்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எட்டுதான் இருக்குது. நாம ஒம்பது வாங்கினோம்."

எட்டு வீடுதானே அண்ணா என்றாள் தங்கமணி. அவர் தலையை ஆட்டவில்லை. பத்து செய்யச் சொன்னோம், ஒன்று கோணலாக இருந்தது என்று பட்டறையிலேயே திருப்பிவிட்டோம், ஒன்பது கைக்கு வந்தது, ஒன்பதையும் நான்தான் மாட்டினேன், என் கைக்குத் தெரியும் என்றார். தங்கமணி போனில் இருந்த பட்டியலைத் திறந்து காட்டினாள். விலைப்புள்ளி கொடுத்த வீடு, முன்பணம் வாங்கிய தேதி, முடித்த தேதி எல்லாம் இருந்தது. கொக்கி வைத்தது எட்டுதான். பட்டறைக் குப்பையில் கிடக்கும், நாளைக்குத் தேடலாம் என்றாள். அவர் வண்டியை எடுத்தார். அவளுக்கும் மனம் ஒப்பவில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு கொக்கி தொங்குகிறது, அதன் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. வழி நெடுக வீடு வீடாக நினைவில் நுழைந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தரை. பூபதிக்கு அன்று காலை ஷிஃப்ட், வந்து குளித்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தான். தங்கமணியின் தங்கை பிரியதர்ஷினிக்கு எட்டாம் மாதம். பெற்றோர் இருவரும் இல்லை என்பதால் பிரசவத்துக்கு அக்கா வீடுதான். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருவதாக ஏற்பாடு. கார் எத்தனை மணிக்குச் சொல்ல என்று பூபதி கேட்டான். தங்கமணி பையைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் சாய்ந்தாள். கழுத்து வலித்தது. தலையைப் பின்னால் போட்டாள்.

உத்தரத்திலிருந்து ஒரு நீலப் புடவை தொங்கியது.

தூளி. அவள் கட்டியது. மூன்று வாரம் முன்னால், தங்கைக்கு வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்த நாட்களில், கொக்கிதான் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினாள். உயரம் சரியா என்று கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். புது ஸ்பிரிங் கொஞ்சம் தளரட்டும் என்று ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே போட்டாள். பை இன்னும் அதற்குள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கமலக்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது இந்தத் தூளியைத் தோளால் ஒதுக்கிவிட்டுத்தான் போனாள். அன்று திரும்பி வந்து இதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ரஞ்சிதாவின் பிள்ளையைப் பற்றிப் பூபதியிடம் சொன்னாள். மூன்று நாளாக ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை. இந்த வீட்டுக்கு விலைப்புள்ளி இல்லை, எனவே பட்டியலில் இல்லை. அது மட்டும் காரணம் இல்லை. மூன்று வருடம் அடியில் உட்கார்ந்து, படுத்து, சாப்பிட்டதில் அது அவளுக்கே உத்தரமாகிவிட்டிருந்தது.

"என்னங்க, எந்திரிங்க. அந்த அரிசிய அடியில ஏந்திப் புடிங்க."

அவள் குரலைக் கேட்டுப் பூபதி காய்த் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். ஏந்திக்கொண்டான். அவள் ஸ்டூலில் ஏறினாள். கொக்கியின் தட்டு அசையாமல்தான் இருந்தது. நான்கு திருகும் நேராக இருந்தன. இங்கே இன்னும் இறங்கத் தொடங்கவில்லை. அதைப் பார்த்தும் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. எட்டாம் மாதக்காரியை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து, பிள்ளை பிறந்ததும் இதில் கிடத்தி, தானே ஆட்டியிருப்பாள். ஒரு முறைகூடத் தட்டிப் பார்த்திருக்க மாட்டாள்.

பூபதிக்கு இன்னும் விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை கேட்ட கதையும் தன் தலைக்கு மேல் இருப்பதும் அவனுக்குள்ளும் ஒன்றாகச் சேரவில்லை.

"இது நம்ம வூட்டுதுதானே. நீயே பாத்துப் பாத்து செஞ்சது."

"ஆமாங்க. நாந்தான் செஞ்சேன்."

புடவையை அவிழ்த்து, அரிசியை இறக்கச் சொன்னாள். பையிலிருந்து சிவப்பு அட்டைக் கட்டை எடுத்துத் தரச் சொன்னாள். அதில் இன்னும் இரண்டு மூன்று மிச்சம் இருந்தது. ஒன்றைக் கொக்கியில் கட்டினாள். நூல் முடிச்சு மூன்று முறை நழுவிய பிறகுதான் நின்றது. ஸ்டூலில் நின்றபடியே நாராயணப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒம்பதாவது கெடச்சிருச்சு."

எந்த வீடு என்று அவர் கேட்டார். தங்கமணி போனை உத்தரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரல் முட்டியால் தட்டினாள். அந்த ஹாலில் அந்தச் சத்தம் அதுவரை கேட்டதில்லை. பூபதி அரிசிப் பையை மார்போடு அணைத்தபடி அண்ணாந்து பார்த்தான்.

காலையில் முதல் வேலையாக உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றார் நாராயணப்பன்.

"இல்லண்ணா," என்றாள் தங்கமணி. "இப்பவே வாங்க."